திகதி இல்லாத கடிதம்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த தெருவில் அப்போது இரண்டு தமிழ்க் கடைகள் எதிரெதிரே இருந்தன. ஒன்றில் வாங்குகிறவர் மற்றதில் வாங்குவதில்லை. ஒருவர் எந்தக் கடைப் பையோடு போகிறார் என்று பார்த்தால் அவர் எந்தச் சங்கம், எந்தக் கல்யாணத்துக்குப் போவார், எதற்குப் போகமாட்டார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். எங்கள் கட்டடத்துப் பெண் ஒருவர் மட்டும் ஒரு கடையில் வெங்காயம் வாங்கி, அந்தப் பையோடேயே தெருவைக் கடந்து, மற்றக் கடைக்குள் போய்த் தேங்காய் வாங்குவார். பையை மறைப்பதுமில்லை. இரண்டு முதலாளிமாரும் அவரை மற்றவர் அனுப்பிய வேவுகாரி என்று நெடுநாள் நம்பினார்கள். ஒருவர் நேரே கேட்டும் விட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஆற்றை ஆள்?"

"வெங்காயத்துக்கு உங்கடை ஆள். உங்கடை தேங்காயைப் பற்றி என்னைக் கொண்டு கதைப்பியாதேங்கோ."

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயர் ஓரிடத்தில் எழுதப்படுவதை அவர் விரும்பியதேயில்லை. தேவாலயத்துத் தாய்மார் சங்கம், மாதா திருநாளுக்கு யார் பூ அலங்காரம் செய்வது என்ற பெரும் கொள்கைப் பிரச்சினையில் இரண்டாகப் பிரிந்தபோது, இரண்டு பக்கமும் கையெழுத்துக் கேட்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பக்கத்துக்கும் தேநீர் கிடைத்தது, கையெழுத்துக் கிடைக்கவில்லை. திருநாளன்று இரண்டு மேசைக்கும் ஒரே அளவு றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். பூசையில் கடைசி வாங்குப்பலகையில், கதவோரம், இரண்டு கியூபெக் கிழவிகளுக்குப் பக்கத்தில் இருப்பார். ஏன் அங்கே என்று கேட்டால், "காத்து வரும்" என்பார். மாசி மாதத்தில் மொன்றியலில் கதவோரம் எந்தக் காற்று வரும் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

மேட்டிலிருந்த ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பின்னேர முறை. அங்கும் தொழிற்சங்க அட்டையில் கையெழுத்து வைக்காத ஒரே ஆள் அவர்தான் என்று கேள்விப்பட்டேன். மருந்துக் கடையில் புள்ளி சேர்க்கிற அட்டையைக்கூட வேண்டாம் என்றவர்.

சொந்த இடம் மன்னார். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஒரேயொரு முறை, ஏதோ சங்கத்துக்காரர் பெயர்ப்பட்டியலோடு வந்துபோன பிறகு, அவராகவே சொன்னார்: "அண்ணை, எங்கடை இடத்தில பட்டியலில பேர் இருந்தவையையும் கொண்டுபோனவங்கள். பேர் இல்லாதவையையும் கொண்டுபோனவங்கள். பேந்து நானாப் போய் என்னத்துக்குப் பேரைக் குடுப்பான்?"

இப்படிப்பட்டவர் தேர்தலில் வாக்களிப்பதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. மத்திய அரசோ மாகாணமோ நகரசபையோ, ஏன், பாடசாலைச் சபைத் தேர்தலுக்குக்கூடப் போனவர். பாடசாலைச் சபைக்கு வாக்களித்த ஒருவரை நான் என் வாழ்நாளில் நேரில் கண்டது அவரைத்தான். வீட்டுக்கு வாக்குக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரருக்கும் தேநீர் கொடுத்து, "யோசிக்கிறன்" என்று அனுப்பிவைப்பார். யாருக்குப் போட்டார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. "இது ஒண்டுதான் அண்ணை, பேரைக் கேட்டுப்போட்டுப் பேரில்லாத கடதாசியைத் தாற இடம்" என்று ஒருமுறை சொன்னார்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன். மூன்று தேர்தல்களில் வாக்களிப்பு நிலையப் பொறுப்பாளராக இருந்திருக்கிறேன். இங்கே வந்து ஒரு பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை மற்றவர்களுடைய விண்ணப்பங்களில் பிழை பிடித்தேன். அதனால் எங்கள் கட்டடத்துச் சனம் சனிக்கிழமைகளில் படிவங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும். அவரும் வருவார். கைப்பையின் சிப் வைத்த அறையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் கையில் தருவார். தான் படிப்பதில்லை. நான் நிரப்பி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி:

"இதில நான் ஆருக்கும் சொந்தமாகிறனோ?"

"இல்லைத் தங்கச்சி. இது வருமான வரி."

"அப்ப சரி." கையெழுத்து வைப்பார்.

அந்த வருடம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை படிவம் ஒன்றும் இல்லாமல் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், நியூ ஹாம்ப்ஷயரில், அவருடைய தங்கை ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அவர் தொலைபேசியில் சொன்ன செய்தி இவரை உலுக்கியிருந்தது.

"அண்ணை, என்ரை இளையவள் அங்க ஒரு கட்சியிலயும் இல்லை. ஆனால் கட்சியில ஆரை நிப்பாட்டுறது எண்டதுக்கே வோட்டுப் போட்டிட்டு வந்திருக்கிறாள். உள்ள போய் ஒரு கட்சியின்ரை சீட்டைக் கேட்டு வாங்கினவளாம். வாங்கின உடனை அந்தக் கட்சி ஆள். போட்டிட்டு வெளியில வரேக்க வாசலில ஒரு துண்டு நிரப்பிக் குடுக்கிறதாம். பேந்து பழையபடி ஒருத்தற்றை ஆளும் இல்லை. பத்து நிமிஷம்!"

"அது அங்கத்தைச் சட்டம்."

"இங்க?"

"இங்க கட்சியில சேர்ந்தவைதான் வேட்பாளரைத் தெரிவு செய்யலாம். அதுவும் கூட்டத்துக்கு இத்தினை நாளைக்கு முன்னம் சேர்ந்திருக்க வேணும்."

"ஒண்டிலயும் சேராத சனம்?"

"நிப்பாட்டின ஆளுக்குப் பேந்து வந்து போடலாம்."

"அப்ப கறியை இறக்கி வைச்சாப்பிறகு உப்புப் பார்க்கக் கூப்பிடுறியள்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முறைகள் தெரிந்தவனுக்கு அது முடியாது. எங்கள் தொகுதியில் ஒரு குறிப்பிட்ட கட்சி தெருவிளக்குக் கம்பத்துக்குத் தொப்பி போட்டு நிறுத்தினாலும் வெல்லும் என்றும், ஆகவே உண்மையான தேர்தல் அந்தக் கட்சியின் வேட்பாளர் தெரிவுக் கூட்டம்தான் என்றும், இத்தனை வருடம் அவர் போட்டதெல்லாம் முடிந்துபோன விஷயத்துக்குப் போட்டது என்றும் விளங்கப்படுத்தினேன். அந்த முறை கூட்டத்தில் இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள் என்பதையும் சொன்னேன். ஒருவர் கட்சிக்கு நெடுநாள் உழைத்த சட்டத்தரணி. மற்றவர், இவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த ஒரு ஹெயிட்டிப் பெண்.

"எந்த வார்ட்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

அவருடைய கணவர் அதே ஆஸ்பத்திரியில், அதே வார்ட்டில் இறந்தவர். கடைசி நாளிலும் இவர் வேலைக்குப் போயிருக்கிறார். மேற்பார்வையாளரிடம் லீவு கேட்டால் ஏதோ படிவம் நிரப்பச் சொல்வார்கள் என்ற எண்ணமாக இருக்கலாம். துடைப்பத்தோடு அந்தக் கட்டிலடியைத் துடைத்துக்கொண்டு நின்றவரிடமிருந்து அந்தத் தாதி துடைப்பத்தை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இன்றைக்கு நீ துப்புரவுக்காரி இல்லை, மனைவி. இரு" என்றாராம்.

"அந்தப் பிள்ளை என்னை இருக்கச் சொன்னது, அண்ணை. இவ்வளவு வருஷத்தில ஒருத்தரும் அங்க என்னை இருக்கச் சொன்னதில்லை."

அடுத்த சனிக்கிழமை உறுப்பினர் படிவத்தை வாங்கி வைத்திருந்தேன். நிரப்பி நீட்டினேன். வழக்கமான கேள்வி வந்தது.

"இதில நான் ஆருக்கும் சொந்தமாகிறனோ?"

"ஓம். ஐஞ்சு கிழமைக்கு."

பேனையைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "வெளியில வாற கடிதத்தையும் இப்பவே எழுதுங்கோ. ரண்டிலயும் ஒண்டாக் கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

சிரிப்பு வந்தாலும் எழுதினேன். ஒட்டாவாவிலிருக்கும் கட்சியின் தலைமைச் செயலாளருக்கு, கீழே கையெழுத்திட்டவர் உறுப்புரிமையிலிருந்து விலகுகிறார் என்று, இரண்டு மொழியிலும், ஒரு பிழையும் இல்லாமல் தட்டெழுதினேன். திகதியை மட்டும் வெறுமையாக விட்டேன். வாக்களித்துவிட்டு, அன்றைய திகதியைப் போட்டுத் தபாலில் சேர்க்கச் சொன்னேன். கடிதம் நான்காக மடிந்து கைப்பைக்குள் போனது.

அந்த ஐந்து வாரமும் அவர் இரவல் கோட்டுப் போட்டவர்போல நடந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும், "இன்னும் எத்தினை கிழமை?" என்று கேட்டார். கட்சியின் செய்திமடல் தபாலில் வந்தபோது அதை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, "பேரை அச்சடிச்சு விட்டிருக்கிறாங்கள்" என்று காட்டினார். பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னாராம். "சாமி என்ன சொன்னவர்?" என்று கேட்டேன். "இருமினவர். சிரிப்பை அடக்கினவர் எண்டு நினைக்கிறன்."

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில். நானும் அந்தக் கட்சி உறுப்பினன், விதிகள் தெரிந்தவன் என்பதால் பதிவு மேசையில் என்னை இருத்தியிருந்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டு கதிரைகள். ஒன்றில் தாதியின் முகவரான மாணவி, மற்றதில் சட்டத்தரணியின் முகவர், கழுத்தில் பட்டுத்துண்டு கட்டிய ஓர் இளைஞர். வந்தவர் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். நான் பட்டியலில் பெயரைத் தேடிக் கோடு போடவேண்டும். அதன் பிறகு அடுத்த மேசையில் வாக்குச்சீட்டு.

ஒரு மணிக்குக் கதவு திறந்ததும் வரிசையில் முதலாவதாக நின்றார். குளிர்க் கோட்டுக்குள்ளே ஆஸ்பத்திரிச் சீருடை. மூன்று மணிக்கு வேலை. மண்டபத்தின் மறுபக்கத்தில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்த தாதியைப் பார்த்தார். சூரியன் படம் போட்ட சுகாதார அட்டையை என்னிடம் காட்டினார். கைப்பையின் சிப்பைத் திறந்து அந்தக் கடிதத்தையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"இதை வச்சிருங்கோ அண்ணை. போட்டிட்டு ஓடவேணும், பஸ் போயிடும். நான் போட்ட உடனை நீங்கள் அனுப்பிவிடுங்கோ. ஒரு நாளும் கூட இருக்கக்கூடாது."

பட்டுத்துண்டு முன்னால் குனிந்தது. அது என்ன தாள் என்று பிரெஞ்சில் கேட்டார்.

தனிப்பட்ட கடிதம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யுமல்ல. கேட்காததுபோல் சட்டைப்பைக்குள் வைத்திருக்கலாம். "விலகல் கடிதம்" என்றேன். என் பிரெஞ்சு அன்றைக்கு என்றுமில்லாத அளவு சுத்தமாக வந்தது.

அப்படியானால் இவர் உறுப்பினர் இல்லையே என்றார் அந்த இளைஞர். தாதியின் முகவரான மாணவி கடிதத்தை எட்டிப் பார்த்து, "இதில் திகதி இல்லை, இது செல்லாது" என்றாள். இளைஞர் தயங்கினார். அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. திகதியில்லாத விலகல் கடிதம் கையளிக்கப்பட்ட கணத்திலிருந்து செல்லுபடியாகும் என்றேன். பொதுவான கோட்பாடு அதுதான் என்றும் சேர்த்துக்கொண்டேன். பட்டுத்துண்டு திருப்தியாகப் பின்னால் சாய்ந்தது.

"என்ன அண்ணை கதைக்கிறியள்?" என்றார் அவர்.

"தங்கச்சி, கடிதத்தைத் தந்திட்டியள். இனி நீங்கள் உறுப்பினர் இல்லை. போட ஏலாது."

"நான் இன்னும் போடேல்லையே?"

"ஓம். அதுதான்."

"அப்ப கடிதத்தைத் திருப்பித் தாங்கோ."

"வாங்கினாப்பிறகு திருப்பித் தர ஏலாது."

பின்னாலிருந்து தேங்காய்க் கடைக்காரரின் குரல் வந்தது: "அக்கா, கெதியாப் பாருங்கோ! பின்னால சனம் நிக்குது." அவருக்குப் பக்கத்தில் யாரோ, "அவ எப்பவும் உப்பிடித்தான். அங்காலையும் இல்லை, இங்காலையும் இல்லை" என்று சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. வரிசையிலிருந்து விலகி நின்றார். மண்டபத்தின் மறுபக்கத்திலிருந்து தாதி அவரைக் கண்டு கையை உயர்த்தி அசைத்தார். வாக்களித்துவிட்டுப் போகிறார் என்று நினைத்திருப்பார். இவரும் கையை உயர்த்தினார். பிறகு கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வெளியே போனார்.

நான் பட்டியலை மாணவியிடம் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போனேன். பஸ் தரிப்பிடத்தில் உருகிய பனிச்சேற்றுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"கோவமோ?" என்றேன்.

"இல்லை அண்ணை."

"விதி அப்பிடி. நான் ஒண்டும் செய்ய ஏலாது. அந்த மேசையில இருக்கிறவன் ஆளைப் பார்க்கக்கூடாது. உங்களுக்கு ஒரு மாதிரி, மற்றவைக்கு ஒரு மாதிரி எண்டு..."

"விளங்குது."

பஸ் மேட்டில் திரும்புவது தெரிந்தது. அவர் மாதாந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

"நான் அந்தக் கடிதத்தை உங்களிட்டைத்தான் தந்தனான், அண்ணை. மேசையிட்டைத் தரேல்லை" என்றார். ஏறிப் போய்விட்டார்.

தாதி தோற்றுப்போனார். ஒரே வாக்கால் தோற்றிருந்தால் எழுத வசதியாக இருக்கும். அப்படியில்லை. இவருடைய வாக்கு எதையும் மாற்றியிருக்காது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கணக்குப்படி சரியான கூற்று.

கட்சியின் விதிப் புத்தகத்தை மூன்று நாள் கழித்துத்தான் திறந்தேன். தெரிந்த புத்தகத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? ஒரு உறுப்பினரின் விலகல், அவருடைய எழுத்துமூலக் கடிதம் ஒட்டாவாவிலுள்ள செயலாளர் அலுவலகத்துக்குக் கிடைக்கும் நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்று அதில் இருந்தது. அந்த முகவரியைக் கடிதத்தின் தலையில் தட்டெழுதியவனே நான். பதிவு மேசையில் இருப்பவன் கையில் அது வெறும் தாள். அவர் அன்று முழு உறுப்பினர். பட்டுத்துண்டு இளைஞருக்கு விதி தெரியாது. விதி தெரிந்த ஒரே ஆள் அதைப் பிழையாகச் சொன்னான்.

கடிதம் இன்னும் என் கோப்புக்குள் இருந்தது. அதனால் அவர் அன்றும் உறுப்பினராகவே இருந்தார். ஒருநாள்கூட அதிகம் இருக்கக்கூடாது என்றவர். அதை அனுப்பவேண்டும். அனுப்புவதற்குத் திகதி போடவேண்டும். பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். கடைசியில் கூட்டத்துக்கு அடுத்த நாளின் திகதியைப் போட்டு, முத்திரை ஒட்டி அனுப்பினேன். அந்தக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பதற்கு ஒட்டாவாவில் எங்கோ ஒரு பெட்டிக்குள் எழுத்துமூல அத்தாட்சி கிடக்கிறது. அதைப் போட்டவன் நான். அவருக்கு அதைச் சொல்லவில்லை. சட்டம் என்று நினைத்து அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். அது சட்டமும் இல்லை என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அதன் பிறகும் மாடிப்படியில் கண்டால், "சுகமோ அண்ணை?" என்று கேட்பார். மாதா திருநாளுக்கு வழக்கம்போல இரண்டு மேசைக்கும் றோல்ஸ் வந்தது, எனக்கும் ஒரு தட்டு வந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் வருவதை விட்டுவிட்டார். வருமான வரிக்கு மெற்றோவுக்குப் பக்கத்திலிருந்த அலுவலகமொன்றுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

இலையுதிர்காலத்தில் பொதுத்தேர்தல் வந்தது. அப்போதெல்லாம் வாக்களிப்பு நிலைய அலுவலர்களைப் போனமுறை வென்ற கட்சியின் பட்டியலிலிருந்து எடுப்பது இங்கத்தைய முறை. நடுநிலைமைக்கு இந்த நாடு கண்டுபிடித்த வழி அது. என்னையும் எடுத்தார்கள். பக்கத்தில் பட்டியலைப் பார்த்துப் பெயரை அடிக்க ஒரு வியட்நாமியப் பெண், பல்கலைக்கழக மாணவி.

கதவு திறந்ததும் அவர் வந்தார். பெயரைச் சொன்னார். மாணவி கோடு போட்டாள். சீட்டின் பின்னால் என் சுருக்கொப்பத்தை இட்டு, மடித்து, விரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார். அதிக நேரம் எடுக்கவில்லை.

அடுத்த நடைமுறை இது: வாக்காளர் மடித்த சீட்டை அலுவலரிடம் கொடுக்கவேண்டும். அலுவலர் அதை விரிக்காமல் தன் ஒப்பத்தையும் இலக்கத்தையும் சரிபார்த்து, ஓரத்திலுள்ள இலக்கத் துண்டைக் கிழித்தெடுத்து, சீட்டைத் திருப்பிக் கொடுப்பார். வாக்காளர் அதைப் பெட்டியில் போடுவார். துண்டைக் கிழிப்பது அலுவலரின் வேலை. பட்டியல் பார்ப்பவர் தொடக்கூடாது.

கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். சீட்டு அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும் இருந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. எந்தப் பிரிவின்படி அதை என்னிடம் தரவேண்டும் என்று எனக்கு மனப்பாடம். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. மெதுவாகத் திரும்பி, மாணவியிடம் சீட்டை நீட்டினார்.

அவள் திகைத்து என்னைப் பார்த்தாள்.

"கிழி பிள்ளை" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னேன். அவள் துண்டைக் கிழித்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "மெர்சி" என்று அவளுக்குச் சொல்லி, எனக்குத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

நான் கையை மடக்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.